கயாக் ஓட்டிகள் கேட்டவை: மூச்சுவேர், காக்கா ஆழி, வலையில் சிக்கிய ஆமை

கே: கயாக்கில் எஞ்சின் இல்லை, புகை இல்லை. பிச்சாவரத்தில் அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது?

மோட்டார் படகு நுழைய முடியாத சந்துக்குள்ளும் கயாக் நுழைந்துவிடும், சிக்கலே அதுதான். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். அந்தச் சேற்றில் காற்று கிடையாது, மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. படகின் அடி உரசினால் ஒடிந்துவிடும். துடுப்பின் அலகு முழுதாக மூழ்காத இடம் வந்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீர் ஏறும் நேரத்தில் உள்ளே போனால், தரைதட்டினாலும் சற்று நேரத்தில் படகு தானே மிதக்கும். வேரில் துடுப்பை ஊன்றித் தள்ள வேண்டாம். கிளையைப் பிடித்து நிற்பதும் கூடாது: அது தில்லை மரமாக இருந்து அதன் பால் கண்ணில் பட்டால், அன்றைய சவாரி மருத்துவமனையில்தான் முடியும்.

கே: எண்ணூரில் ஓட்டிய படகை மறுநாளே வேறு கழிமுகத்தில் இறக்கலாமா?

வேண்டாம். எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றில் காக்கா ஆழி மண்டிக் கிடக்கிறது. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மட்டி இது. அடித்தரையில் கம்பளமாகப் படர்ந்துவிடுவதால் இறால் மண்ணில் புதைய இடமில்லை, மஞ்சள் மட்டியும் மூச்சுமுட்டிச் சாகிறது என்பதே அங்குள்ள மீனவர்களின் புகார். அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரில் மிதப்பவை, படகுக்குள் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரே அவற்றுக்கு வண்டி.

கரையேறியதும் அங்கேயே வடிகால் மூடியைத் திறந்து, படகைச் சாய்த்து முழுவதும் வடியுங்கள். மூலையில் நிற்பதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒட்டியிருக்கும் மட்டியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, ஆற்றில் வீசாமல் வெயிலில் காயப்போடுங்கள். இரும்பால் சுரண்டினால் படகில் கீறல் விழும். அடுத்த மட்டிக்கு அதுவே பிடிமானம். நல்ல தண்ணீரில் கழுவுவது மட்டும் போதாது. இது உப்பு குறைந்தாலும் தாங்கும், சிப்பியை மூடிக்கொண்டு காத்திருக்கும். காய வைப்பதுதான் உண்மையான வேலை. இரண்டு நாளாவது உலரட்டும். பலர் மறப்பது கயிறும் உயிர்காப்புச் சட்டையும்: வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும்.

கே: வலையில் சிக்கிய ஆமையைக் கண்டால்?

நம் கரையில் பெரும்பாலும் அது பங்குனி ஆமையாகத்தான் இருக்கும். நாற்பது கிலோ வரை எடை இருக்கலாம், தனியாகப் படகில் தூக்க முயன்றால் கவிழ்வீர்கள். இரண்டு கயாக்குகளைப் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்துப் பிடித்து, முதலில் அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவாருங்கள். மூச்சுக்கு வர முடியாமல்தான் அது சாகிறது. முனை மழுங்கிய கத்தியால் வெளி இழைகளை முதலில் அறுங்கள். கழுத்தையும் துடுப்புக்கால்களையும் சுற்றியவை கடைசியில், விரலை இடையில் கொடுத்து. காலைப் பிடித்து இழுக்காதீர்கள், ஆமையின் வாய்ப் பக்கம் கை போகவேண்டாம்.

துடிப்பாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். துவண்டு கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கரையில் நிழலில் வயிறு கீழாக வைத்து, பின்பகுதியை 15 செ.மீ. உயர்த்தி, முதுகில் ஈரத்துணி போட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். மல்லாக்கப் போடக்கூடாது. அறுத்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆனால் மிதவையோடு ஒழுங்காகக் கட்டிய வலை யாரோ ஒருவரின் பிழைப்பு. ஆமை சிக்காதபோது அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை.

கே: பழவேற்காட்டில் பூநாரைகளை எவ்வளவு நெருங்கலாம்?

நூறு மீட்டரில் நிறுத்துங்கள். மேய்கிற தலைகள் ஒன்றாக நிமிர்ந்தால் அதுவே அதிகம், பின்வாங்குங்கள். நேர்முகமாகப் போகாமல் பக்கவாட்டில் கடந்து செல்லுங்கள், துடுப்பைத் தாழ்வாக வீசுங்கள். பல படகுகள் விரிந்து சூழ்ந்தால் எந்தத் தூரமும் போதாது.

கே: மன்னார் வளைகுடாத் தீவுகளில் இறங்கி ஓய்வெடுக்கலாமா?

கூடாது. 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியின்றிக் காலடி வைக்க முடியாது. தண்ணீரையும் உணவையும் அதற்கேற்ப எடுத்துக்கொண்டு, தீவை நம்பாமல் பயணத்தைத் திட்டமிடுங்கள்.