எம்.எஸ். முடித்தால் கை தயாராகிவிடுமா?

சார், மகள் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி இரண்டாம் ஆண்டு, முடித்த கையோடு எம்.சிஎச். என்ற சிறப்பு அறுவை மேற்படிப்புக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் சீட் வாங்குவது வேறு, அங்கே போய்த் தாக்குப்பிடிப்பது வேறு. அதற்கான நுழைவுத் தேர்வு நீட் எஸ்.எஸ். முழுக்க விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான், கையை யாரும் பார்ப்பதில்லை. அதற்காகக் கடைசி வருடம் ஆபரேஷன் தியேட்டர் பக்கமே தலைகாட்டாமல் லைப்ரரியில் உட்கார்ந்து நல்ல ரேங்க்கும் வாங்கிவிட்டு, எம்.சிஎச். முதல் மாதத்திலேயே எனக்குப் போன் போட்டு அழுத பிள்ளைகள் உண்டு.

நம் ஊர்க் கதை மட்டுமல்ல இது. அமெரிக்காவில் நம் எம்.எஸ். போன்ற சர்ஜரி ரெசிடென்சி 5 வருடம். அங்கே அதற்கு அடுத்த சிறப்புப் பயிற்சியான ஃபெலோஷிப் நடத்தும் மூத்த டாக்டர்களிடம் கருத்துக் கேட்டு 2013இல் ஓர் ஆய்வு வந்தது. புதிதாக வருகிறவர்களில் 30 சதவீதம் பேரால் லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பையைத் தனியாக எடுக்க முடியவில்லை, 66 சதவீதம் பேரைப் பெரிய ஆபரேஷனில் அரை மணி நேரம் கூடத் தனியாக விட முடியாது என்றார்கள். நமக்கு மொத்தமே 3 வருடம்.

அந்த 3 வருடத்தில் என்ன நடக்கிறது? அரசுக் கல்லூரி என்றால் ராத்திரி டூட்டியில் குடல் ஓட்டை, அப்பெண்டிக்ஸ், சர்க்கரைக் கால் என்று வந்துகொண்டே இருக்கும், வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் கை நன்றாகப் பழகிவிடும். லேப்ராஸ்கோபி என்று வந்தால் பி.ஜி. மாணவர் கேமரா பிடிப்பார், கருவி சீனியர் கையில் இருக்கும். தனியார் மருத்துவமனையில் டி.என்.பி. (எம்.எஸ். போன்ற இன்னொரு மேற்படிப்பு) படிப்பவர்களுக்கு நவீன கேஸ் நிறைய, ஆனால் நோயாளி கன்சல்டன்ட்டை நம்பி வந்தவர், கத்தி எளிதில் கை மாறாது. பங்கெடுத்த கேஸ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் 40 பித்தப்பை இருக்கும், பித்தப்பை நாளத்தைத் தானே பிரித்துக் கிளிப் போட்டது எத்தனை என்று கேட்டால் பதில் வராது.

உங்கள் மகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் 3 மாதம் வேலை பார்க்க வேண்டும் இல்லையா, அதை லீவு மாதிரி கழிக்க வேண்டாம். பி.ஜி. மாணவர் கூட்டம் குறைவாக இருக்கும் இடத்தில் ஹெர்னியாவும் ஹைட்ரோசீலும் (விதைப்பை நீர்வீக்கம்) கையில் கிடைக்கும். வீட்டில் ஓர் அட்டைப் பெட்டியில் இரண்டு ஓட்டை, உள்ளே பழைய போன் கேமரா, ஒரு துண்டு கோழித்தோல், இதை வைத்தே உள்தையல் பழகலாம் (வீட்டில் அம்மா திட்டுவார், பரவாயில்லை). படிப்பு முடிந்து அரசுக்கு எழுதிக்கொடுத்த பாண்ட் படியான வேலை வந்தால் அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம், சீனியர் ரெசிடென்டாக ஒரு வருடம் ராத்திரி கேஸ்களைத் தானே முடிவெடுத்துச் செய்தவர் எம்.சிஎச்.சில் தனியாகத் தெரிவார். சில நாள் வகுப்பில் கிடைக்கும் சான்றிதழையும் தேசியத் தேர்வு வாரியத்தின் 2 வருட எஃப்.என்.பி. பயிற்சியையும் ஒன்றாக எண்ணிப் பணம் கட்டிவிடாதீர்கள், இரண்டுக்கும் ஃபெலோஷிப் என்றுதான் பெயர்.

இந்த ஞாயிறு லாக்புக்கை எடுத்து, முதல் வெட்டிலிருந்து கடைசித் தையல் வரை தானே செய்த கேஸ்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அந்த எண் வரட்டும், எம்.சிஎச்.சில் யூராலஜியா (சிறுநீர்ப் பாதை) கேஸ்ட்ரோவா (இரைப்பை, குடல்) என்று அப்புறம் பேசலாம்.