டொரத்தியைப் பார்க்க ஐந்து மணி நேரம் கார் ஓட்டலாமா?

சார், என் கணவர் ‘ட்விஸ்டர்’ படத்தின் வெறியர், டொர்னேடோ என்கிற சூறாவளியைத் துரத்திப் போகிறவர்களின் கதை அது. கல்லூரியில் படிக்கும்போது பார்த்தாராம், இன்றைக்கும் வானம் கறுத்தால் மாடு பறக்கிறதா என்று ஜன்னல் பக்கம் போய் நிற்பார். அந்தப் படம் எடுத்த வக்கீட்டா என்ற ஊரில் அதற்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறதாம், படத்தில் சூறாவளியை அளக்க வைக்கிற டொரத்தி என்ற டிரம்மும் அங்கேதானாம். இங்கிருந்து போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். தேவையா?
— டாலஸிலிருந்து ஒரு வாசகி

தேவைதான், ஆனால் மனதில் ஒரு ஸ்டூடியோ தீம் பார்க்கைக் கற்பனை செய்துகொண்டு கிளம்பாதீர்கள். வக்கீட்டா ஓக்லஹோமாவின் வடக்கு ஓரத்தில், கான்சாஸ் எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். மக்கள்தொகை 300ஐச் சுற்றித்தான். 1995இல் படப்பிடிப்பு நடந்தபோது படக்குழு அலுவலகமாக வைத்திருந்த இடத்தையே பிறகு மியூசியமாக ஆக்கிவிட்டார்கள். நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் இதற்காக மட்டும் போகாமல் ஓக்லஹோமா சிட்டியில் ஒரு ராத்திரி தங்கி, அன்றைக்கே படத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, காலையில் வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டிப் போங்கள்.

முக்கியமான ஒன்று, கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். இந்த மாதிரிச் சின்ன மியூசியங்கள் வருஷம் முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்காது. பூட்டிய கதவின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பினால் பத்து மணி நேரப் பயணத்துக்கான திட்டு யாருக்கு விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த டொரத்தி என்கிற டிரம் சும்மா சினிமாவுக்காகச் செய்ததா, நிஜத்தில் அப்படி ஒன்று உண்டா?

இரண்டும். மியூசியத்தில் இருப்பது படத்துக்காகச் செய்த டொரத்தி 1. கதைப்படி அதற்குள் பந்து பந்தாக உணரிகள் இருக்கும், சூறாவளி மேலே வந்ததும் மூடி திறந்து அவை எல்லாம் உள்ளே உறிஞ்சப்பட வேண்டும். பந்துகள் சரியாகப் பறக்கவில்லை என்று கடைசியில் குளிர்பான டின்களை வெட்டி, காற்றாடி இறக்கை மாதிரி வளைத்து ஒவ்வொன்றிலும் ஒட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்தப் படத்திலேயே பிடித்த இடம் அதுதான். கோடிக்கணக்கில் செலவழித்த கிராஃபிக்ஸ் எல்லாம் மறந்துபோனது, தகரத்தை வெட்டுகிற அந்தக் கைகள் மறக்கவில்லை.

இதற்கு மூலம் டோட்டோ என்ற நிஜக் கருவி. 55 காலன் பீப்பாய்க்குள் காற்று வேகம், அழுத்தம், ஈரப்பதம் அளக்கும் கருவிகளை வைத்து, 1980களில் அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் சூறாவளி வருகிற வழியில் இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார்கள். ஒரு தடவைகூடச் சூறாவளி அதன் மேல் நேரடியாக வரவில்லை. 1984இல் ஒரு சூறாவளியின் ஓரம் பட்டது, அதற்கே சாய்ந்துவிட்டது, ஏனென்றால் கனமெல்லாம் மேல்பக்கம் இருந்தது. 1987இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 2003இல் டிம் சமாரஸ் என்பவர் தரையோடு தரையாக ஆமை மாதிரி உட்காரும் தட்டையான ஒரு கருவியைத் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற ஊரருகே வைத்தார். சூறாவளி அதன் மேலேயே போனது, காற்றழுத்தம் 100 மில்லிபார் இறங்கியதைப் பதிவு செய்தது. பீப்பாயால் முடியாததை ஆமை செய்தது. அந்த மனிதரே 2013இல் எல் ரீனோ சூறாவளியில் மகனோடும் சக ஆராய்ச்சியாளரோடும் இறந்துபோனார் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

ஒரு படத்துக்காக ஊரின் கட்டடங்களை நிஜமாகவே இடித்தார்களாமே, அதைப் போய் அந்த ஊரே கொண்டாடுவது வேடிக்கையாக இல்லையா?

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. இடிக்கலாம் என்கிற நிலையில் பழைய கட்டடங்கள் இருந்ததுதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். ஆக, படத்தில் நாசமாகிக் கிடக்கிற தெருவில் நீங்கள் பார்ப்பது அட்டையில் செய்த செட் மட்டும் இல்லை, ஊர்க்காரர்கள் சின்ன வயதில் நடந்துபோன தெருவும்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஆள் குறைந்துகொண்டே போகிற ஊரில் பழைய கடைத்தெரு எப்படியும் ஒருநாள் யாரும் பார்க்காமல் விழுந்திருக்கும். இங்கே விழுந்ததை உலகமே பார்த்தது, அதுவும் ஊரின் சொந்தப் பெயரோடு. நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஃபால்ஸ் என்று ஓர் ஊர், ஒரு பழைய கிறிஸ்துமஸ் படத்துக்கு நாங்கள்தான் முன்மாதிரி என்று சொல்லி மியூசியம் வைத்திருக்கிறது, படம் எடுத்ததோ கலிஃபோர்னியாவில்! வக்கீட்டாவுக்கு அந்த வம்பே இல்லை, படத்திலும் அது வக்கீட்டாதான்.

அதனால் அங்கே போனால் நடிகர்கள் படத்தைவிட ஊரின் பழைய போட்டோக்கள் முன்னால் அதிக நேரம் நில்லுங்கள். மேசையில் இருப்பவரிடம் “இந்தக் கடை எங்கே இருந்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் படத்தைவிட நீளமாக இருக்கலாம்.

எட்டு வயதுப் பையனைக் கூட்டிப்போனால் போரடிக்குமா?

படத்தின் கதாநாயகன் பில் பேக்ஸ்டன் கொடுத்த ‘ட்விஸ்டர்’ பின்பால் மிஷின் ஒன்று இருக்கிறது, பையன் அங்கேயே நின்றுவிடுவான், பெரியவர்களுக்குத்தான் முறை கிடைக்காது. 2017இல் அந்த நடிகர் இறந்தபோது புயல் துரத்துகிறவர்கள் தங்கள் ஜிபிஎஸ் புள்ளிகளை வரைபடத்தில் பி, பி என்று அவருடைய முதலெழுத்துகளாக வரும்படி வைத்து அஞ்சலி செலுத்தினார்கள், வக்கீட்டாவை நடுவில் வைத்து. இதைப் பையனிடம் சொல்லி வரைபடத்தைக் காட்டுங்கள்.

மே மாதம் போகிறோம். சூறாவளி வந்தால்?

அது அங்கே சீசன்தான். போனில் வானிலை எச்சரிக்கையை ஆன் செய்து வையுங்கள். ‘வாட்ச்’ என்றால் வர வாய்ப்பிருக்கிறது, ‘வார்னிங்’ என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டாயிற்று, உடனே உறுதியான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்குப் போங்கள். நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் ஒதுங்கவே கூடாது, அங்கே காற்று இன்னும் வேகமெடுக்கும். ஆனால் ஓக்லஹோமா சிட்டியில் சனிக்கிழமை பகல் 12 மணிக்கு சைரன் அலறி, வானம் நீலமாக இருந்தால் பயப்படாதீர்கள். வாராவாரம் சோதித்துப் பார்க்கிறார்கள். உங்கள் கணவரிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.