இமை முடியைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. வலது கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது, மணல் விழுந்தது போல் உறுத்துகிறது என்கிறார். ஏதோ தொற்று என்று நினைத்து முதலில் சொட்டு மருந்து போட்டோம், கேட்கவில்லை. பிறகு பார்த்த கண் மருத்துவர், கீழிமை உள்பக்கமாக மடங்கி முடி கண்ணில் குத்துகிறது என்றார். மாதம் ஒருமுறை போய் முடியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறோம். இரண்டு மூன்று வாரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் அதே தொல்லை. இப்போது சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். கண்ணில் கத்தி வைப்பதா என்று அம்மா பயப்படுகிறார். மருந்திலோ பயிற்சியிலோ சரியாகாதா? கொஞ்ச காலம் தள்ளிப்போடலாமா? என் அக்காவின் இரண்டு வயதுப் பையனுக்கும் கீழிமை முடி கண்ணைத் தொடுகிறது. இது பரம்பரையாக வருவதா?

பதில்: அம்மாவின் பயத்திலிருந்தே தொடங்கலாம். இந்த அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் யாரும் போவதில்லை. வேலை முழுக்க இமையில்தான். இதை அவரிடம் இரண்டு முறையாவது சொல்லுங்கள். பலரும் புரை ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டு, அதைவிட எளிதான இதற்குத் தயங்குவார்கள்.

மருந்திலோ பயிற்சியிலோ சரியாகுமா என்றால், ஆகாது. வயதின் காரணமாக மடங்கிய இமை சொட்டு மருந்தால் நிமிராது. கண்ணை இறுக்கி மூடித் திறக்கும் பயிற்சி இன்னும் கெடுதல். ஏன் என்று கீழே சொல்கிறேன். தள்ளிப்போடலாமா என்பதற்கு அம்மாவின் கருவிழியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முடியின் மேல் பழி போடுவதை முதலில் நிறுத்துவோம். வீட்டிலேயே பாருங்கள். கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவின் கீழிமைக்குக் கீழே கன்னத்துத் தோலை விரலால் மெல்லக் கீழே இழுங்கள். மறைந்திருந்த முடிகள் எல்லாம் வெளியே வந்து, வரிசையாக, வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். அவை முளைத்த இடமும் சரி, திசையும் சரி. இமையின் விளிம்பு உருண்டு உள்ளே போவதால்தான் அவை கண்ணில் உரசுகின்றன. அதனால்தான் பிடுங்குவது நிலைக்கவில்லை. புதிதாக முளைக்கும் முடி முதல் சில நாட்கள் குட்டையாக, விறைப்பாக இருக்கும். நீண்டு மெலிந்த முடியைவிட அது இன்னும் மோசமாகக் குத்தும். இமை சரியான இடத்தில் இருந்து, இரண்டு மூன்று முடி மட்டும் தப்பான திசையில் முளைப்பது வேறு நோய். அதற்குப் பிடுங்குவதோ, வேரை மின்சாரத்தால் பொசுக்குவதோ பொருத்தம்.

கீழிமை ஏன் உருள்கிறது? இரண்டு பக்கமும் முடிச்சிட்டுக் கட்டிய கொடிக்கயிறு போல, கீழிமை இரு முனைகளிலும் தசைநாரால் எலும்போடு கட்டப்பட்டிருக்கிறது. அதற்குள்ளே சுமார் 4 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு விறைப்பான தகடு. அந்தத் தகட்டின் அடி விளிம்பை ஒரு மெல்லிய சவ்வு கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். இவற்றுக்கு முன்னால், கண்ணை மூடுவதற்கான வட்டத் தசை. வயதாக ஆக முனைகளில் உள்ள தசைநார் நீள்கிறது, அடியில் பிடித்திருந்த சவ்வு தளர்ந்து கழன்றுகொள்கிறது. தகட்டின் அடிப்பகுதிக்கு இப்போது பிடிமானம் இல்லை. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் வட்டத் தசையின் கீழ்ப்பகுதி மேலேறி வந்து தகட்டின் மேல் விளிம்பைக் கண் பக்கமாகத் தள்ளுகிறது. அடி வெளியே வருகிறது, விளிம்பு உள்ளே போகிறது. முடி உரசுவதால் எரிச்சல், எரிச்சலால் கண்ணை இறுக்குகிறோம், இறுக்கினால் அதே தசை இன்னும் பலமாகத் தள்ளுகிறது. இறுக்கி மூடும் பயிற்சி வேண்டாம் என்றது இதனால்தான். கண்ணைத் தேய்ப்பதும் கூடாது.

நீர் வடிவதற்கும் இதே விளக்கம்தான். உறுத்தலுக்குக் கண்ணீர் கூடுதலாகச் சுரக்கிறது. தளர்ந்த இமையால் அதை மூக்குப் பக்கம் தள்ளி வடிக்க முடிவதில்லை. எனவே கன்னத்தில் வழிகிறது.

ஒரு சிக்கல் உண்டு. ஆரம்பக் கட்டத்தில் இமை எப்போதும் மடங்கியே இருக்காது. மருத்துவர் முன்னால் உட்காரும்போது ஒழுங்காக இருக்கும், வீட்டுக்கு வந்து படுத்தால் மடங்கும். 'கண் உலர்வு' என்று சொட்டு மருந்தோடு அனுப்பப்படுகிறவர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு. மடங்கியிருக்கும் நேரம் பார்த்து செல்போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொண்டு போனால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. பரிசோதனை அறையில் நாங்கள் செய்வதும் பெரிய வித்தை இல்லை. கண்ணை இறுக்கி மூடித் திறக்கச் சொல்வோம். திறக்கும்போது முடி வரிசை காணாமல் போயிருந்தால் விஷயம் புரிந்துவிடும். இமையைக் கீழே இழுத்துவிட்டால், நல்ல இமை சட்டென்று கண்ணோடு ஒட்டும். தளர்ந்தது அடுத்த சிமிட்டல் வரை அப்படியே தொங்கும். விரலால் பிடித்து முன்னே இழுத்தால் கண்ணிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டருக்கு மேல் விலகி வருகிறதா என்றும் பார்ப்போம்.

கூடவே இமையின் உள்பக்கத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இமை மடங்குவது எல்லாமே வயதால் அல்ல. ட்ரக்கோமா தொற்று, அமிலமோ காரமோ பட்ட காயம், மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், உடலின் எதிர்ப்புச் சக்தியே சளிச்சவ்வைத் தாக்கும் பெம்பிகாய்டு ஆகியவற்றில் உள்பக்கம் சுருங்கி இமையை இழுத்துவிடும். அந்த இமை விரலால் இழுத்தாலும் எளிதில் வெளியே வராது. மேலிமை மடங்கினால் இந்த வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ட்ரக்கோமாவை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த நான்கு அம்சத் திட்டத்தில் முதலாவதே இந்த இமை அறுவைதான். பெம்பிகாய்டு இருந்தால் நோயை மருந்தால் அடக்கிய பிறகே கத்தியை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தழும்பு கூடும். உங்கள் அம்மாவின் வயதையும், கீழிமை என்பதையும் வைத்துப் பார்த்தால் இது தளர்ச்சியால் வந்ததாகவே தெரிகிறது. ஆனாலும் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

இனி தள்ளிப்போடும் கேள்வி. கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் மேல் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை முடி உரசுகிறது. ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு வைத்து, நீல ஒளியில் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால், சிராய்த்த இடம் பச்சையாக ஒளிரும். கீழிமை மடங்கியவர்களுக்கு இந்தப் பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் பெரும்பாலும் கருவிழியின் கீழ்ப்பகுதியில் தெரியும். அடுத்த முறை போகும்போது 'கருவிழியில் சாயம் ஏறுகிறதா?' என்று கேளுங்கள். இல்லை என்றால், கீழே சொல்லும் தற்காலிக ஏற்பாடுகளோடு சில வாரங்கள் காத்திருக்கலாம். ஏறுகிறது என்றால் தேதி குறித்துவிடுவது நல்லது. கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, வலி கூடினாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கெட்டியாகப் பீளை தள்ளினாலோ அன்றைக்கே போக வேண்டும். அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், கண் பக்கம் அக்கி வந்தவர்களுக்கும் கருவிழியில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்கள் 'வலிக்கவில்லை' என்பதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது.

அறுவை நாள் வரை உதவக்கூடியது டேப் ஒட்டுவது. எளிய முறை, ஆனால் பலர் தப்பாகச் செய்கிறார்கள். கன்னத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒட்டும் காகித டேப்பில் விரல் நீளத்துக்கும் குறைவாக ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையைக் கீழிமை முடிக்குச் சற்றுக் கீழே, காதுப் பக்கத்துப் பாதியில் ஒட்டுங்கள். கீழேயும் வெளியேயுமாகச் சாய்வாக இழுத்து மறுமுனையைக் கன்ன எலும்பின் மேல் ஒட்டுங்கள். முடி வரிசை முழுதாகத் தெரிய வேண்டும், இமை கண்ணை விட்டு விலகவும் கூடாது. அம்மாவைக் கண் மூடச் சொல்லிப் பாருங்கள். முழுதாக மூட முடியவில்லை என்றால் அதிகமாக இழுத்துவிட்டீர்கள், கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். தினம் மாற்றுங்கள். தோல் சிவந்தால் ஓரிரு நாள் விட்டுவிடுங்கள்.

பகலில் செயற்கைக் கண்ணீர், இரவில் வழவழப்புக் களிம்பு. அடிக்கடி போட வேண்டியிருந்தால் பதப்படுத்தும் பொருள் சேராத சொட்டு மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். உடல்நிலை காரணமாக அறுவை இப்போதைக்கு முடியாது என்பவர்களுக்கு, அந்த வட்டத் தசையில் போடாக்ஸ் ஊசி போட்டு அதன் முறுக்கைத் தளர்த்தலாம். சுமார் மூன்று மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும்.

கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். உறுத்தல் உடனே அடங்குகிறதே என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நீங்களாகவே வாங்கித் தொடராதீர்கள். கிருமித் தொற்று இருந்தால் அது மறைந்திருந்து வளரும், கண் அழுத்தமும் ஏறலாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து பரிசோதனை அறையோடு சரி, வீட்டுக்கு வரவே கூடாது. தொடர்ந்து போட்டால் கருவிழி ஆறாமல் கரையும். முடியைக் கத்தரியால் வெட்டுவதும் உதவாது, கூரான கட்டைதான் மிஞ்சும்.

அறுவை என்று வந்தால் என்ன செய்வார்கள்? இரண்டு வழிகள் பேச்சில் வரும். ஒன்று, இமையில் மூன்று தையல் மட்டும் போட்டு விளிம்பை வெளிப்பக்கம் திருப்புவது. சில நிமிட வேலை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் செய்யலாம். ஆனால் நீண்டுபோன இமையை இது குறைப்பதில்லை, அதனால் ஓரிரு வருடத்தில் பலருக்கு மறுபடி மடங்குகிறது. இன்னொன்று, வெளிமுனையில் இமையைச் சற்றுக் குறுக்கி எலும்பின் உறையோடு இழுத்துத் தைத்து, கழன்றுபோன சவ்வையும் தகட்டோடு சேர்த்துத் தைப்பது. நடமாட்டத்தோடு இருக்கும் 72 வயதுக்காரருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். 'இமையை இறுக்குவதோடு சவ்வையும் சேர்த்துத் தைப்பீர்களா?' என்று அறுவை நிபுணரிடமே கேட்கலாம், தப்பில்லை. இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற ஆக்குலோபிளாஸ்டி நிபுணர் கிடைத்தால் நல்லது.

இமையை மட்டும் மரத்துப்போகச் செய்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். மொத்தத்தில் அதிகம் தெரிவது அந்த மரத்துப்போகும் ஊசியின் சுருக்கு வலிதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரையும் கேட்டுத்தான் அதை முடிவு செய்வார்கள். புரை ஆபரேஷனும் பாக்கி இருந்தால், பொதுவாக இமையைச் சரிசெய்து ஆறிய பிறகே அதைச் செய்வது பாதுகாப்பு. இமை மடங்கியிருக்கும்போதே புரை ஆபரேஷன் செய்தால் தொற்று உள்ளே போகும் ஆபத்து கூடும்.

வீக்கமும் கன்றிப்போன நீலமும் இரண்டு வாரம் வரை இருக்கும். முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம், தலையைச் சற்று உயர்த்திப் படுப்பது, தந்த களிம்பு, இவ்வளவுதான். வெளிமுனை தொட்டால் சில வாரங்கள் வலிக்கும், கொஞ்சம் இறுக்கமாகவும் தெரியும், படிப்படியாகத் தளரும். சிலருக்கு இமை தேவைக்கு மேல் வெளியே திரும்பிவிடலாம், சிலருக்கு மீண்டும் மடங்கலாம். இரண்டையும் சரிசெய்ய வழி உண்டு. அறுவை முடிந்த முதல் நாளில் கடுமையான வலியோடு பார்வை மங்கினாலோ கண் பிதுங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது மிக அரிது, ஆனால் கட்டினால் அந்த ரத்தத்தை உடனே வெளியேற்ற வேண்டும். உறுத்தல் போன பிறகும் சற்று நீர் வடிந்தால், கண்ணீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

அக்கா பையனின் விஷயம் வேறு. பாட்டிக்கு வந்தது வயதின் தளர்ச்சி, அது அவனுக்கு இறங்கி வரவில்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கீழிமைக்கு அடியில் தோலும் தசையும் சற்று மிகுதியாக மடிந்து, முடியை மேல்நோக்கித் தள்ளும்; இமையின் விளிம்பு தன் இடத்தில்தான் இருக்கும். குழந்தையின் முடி மென்மையானது என்பதால் கருவிழி அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். முகம் வளர வளரப் பலருக்குத் தானாகவே சரியாகிறது. ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டி, கருவிழியில் சிராய்ப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் காட்டச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கருவிழி வளைவில் கோளாறும் சேர்ந்து இருக்கக்கூடும், கண்ணாடி தேவையா என்றும் பார்த்துவிடலாம். வெயிலில் கண் திறக்க அழுதாலோ, அடிக்கடி கண்ணைக் கசக்கினாலோ, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.