டிரெய்லருக்கு எந்தக் கொக்கி? முதலில் முன்பாரம் பாருங்கள்

கேள்வி: ஆத்தங்குடிக்கு அருகே தரைக்கல் (டைல்) பட்டறை வைத்திருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று கல் கொண்டுபோய் இறக்க ஒவ்வொரு முறையும் மினி லாரிக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் என் போலிரோவின் பின்னால் மாட்டுவதற்கு ஒற்றை அச்சுச் சிறு டிரெய்லர் ஒன்று வாங்கப் போகிறேன். வெறும் டிரெய்லர் 250 கிலோ இருக்கிறது. பத்து அங்குலக் கல் ஒன்று 3 கிலோ. நடைக்கு 200 கல் ஏற்ற எண்ணம். பின் பம்பரிலேயே கொக்கி வைத்துத் தருவதாக வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். 3,500 கிலோ தாங்கும் இழுவைப் பந்து கடையில் கிடைக்கிறது, அது போதும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: பந்து எவ்வளவு தாங்கும் என்பது நீங்கள் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டி, அதன் சேசிஸ் (அடிச்சட்டம்), சேசிஸில் முடுக்கிய இழுவைச் சட்டம் என்னும் இரும்பு, பந்து, டிரெய்லரின் மூக்கில் பந்தைக் கவ்வும் கப்ளர், காப்புச் சங்கிலி ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் பாரத்தை இழுக்கின்றன. இவற்றில் எது குறைவாகத் தாங்குமோ, அதுதான் உங்கள் அளவு. 3,500 கிலோ என்று பொறித்த பந்தைப் பம்பரில் மாட்டினால், நீங்கள் நம்பிப் போவது பம்பரைத்தான். பம்பர், இடியை வாங்கிக்கொண்டு நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது, இழுப்பதற்காக அன்று. ஆகவே பம்பர் கொக்கியை இப்போதே விட்டுவிடுங்கள்.

முதல் வேலையாக வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து இரண்டு எண்களைத் தேடுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்பது ஒன்று. கொக்கியின் மேல் செங்குத்தாக எத்தனை கிலோ இறங்கலாம் என்பது மற்றொன்று. அந்தப் பக்கமே இல்லாவிட்டால் சர்வீஸ் மையத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தாலோ, இழுக்கக் கூடாது என்று சொன்னாலோ, டிரெய்லருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அந்த இரண்டாவது எண்ணைத்தான் பலரும் பார்ப்பதில்லை. மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தைப் பிடிக்கும். முன்பாரம் மிஞ்சினால் மாடு மண்டியிடும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி நேராகப் போகும். டிரெய்லரும் அப்படியே. மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதற்கு மிகக் குறைந்து பாரம் அச்சுக்குப் பின்னால் கிடந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல இடமும் வலமும் அலையத் தொடங்கும். அப்போது பதறிப்போய்ப் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானே தணிய விட வேண்டும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 200 கல் 600 கிலோ. டிரெய்லரோடு 850 கிலோ. அதில் பத்தில் ஒன்று 85 கிலோ. இழுவைச் சட்டத்தின் தகட்டில் 'எஸ்' என்ற எழுத்தோடு 75 கிலோ என்று பொறித்திருந்தால், அதுதான் செங்குத்துப் பாரத்தின் எல்லை. உங்கள் நடை அதைத் தாண்டிவிடுகிறது. மேலும், பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவே உச்ச அளவு. நம் சாலையில் குறுக்கே ஆடு வந்தால் வண்டியின் பிரேக் மட்டுமே இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருப்பதால், நாமும் அந்த அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பதே என் கருத்து. எனவே 160 கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 480 கிலோவும் 250 கிலோவும் சேர்ந்து 730. கொக்கியின் மேல் 73. இரண்டு எல்லைக்குள்ளும் அடங்குகிறது. மீதி 40 கல்லை போலிரோவுக்குள்ளேயே ஏற்றலாம். ஆனால் அந்த 120 கிலோவும், கொக்கியின் மேல் இறங்கும் 73 கிலோவும், ஆட்களின் எடையும் சேர்ந்து வண்டி சுமக்கக்கூடிய பாரத்துக்குள் இருக்க வேண்டும்.

முன்பாரத்தை அளக்க உங்கள் பட்டறை எடைமேடையே போதும். சமதரையில் டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அணை கொடுங்கள். எடைமேடையின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, வண்டியில் பந்து எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் கப்ளரை அதன் மேல் இறக்குங்கள். மேடை காட்டும் எண்தான் முன்பாரம். கல்லைப் படுக்கையாக அடுக்காமல் நிறுத்தி அடுக்கி, வரிசையை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி நகர்த்தி 73 கிலோ வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே தரைப்பலகையில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். ஏற்றுகிற பையன் யாராக இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்து அடுக்குவான்.

இனி வாங்க வேண்டிய பொருள். உங்கள் மாடலுக்கென்றே செய்த, சேசிஸின் இரு நீளச் சட்டங்களிலும் போல்ட் போட்டு முடுக்கும் இழுவைச் சட்டத்தை வாங்குங்கள். சேசிஸில் நேரடியாக வெல்டிங் வைப்பதை நான் ஏற்பதில்லை. சூடுபட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடுகிறது; விரிசலும் அங்கேதான் தொடங்குகிறது. அப்படி வைத்த கொக்கி ஒன்றைக் குனிந்து பார்த்திருக்கிறேன். வெல்டிங் ஓரத்தில், பெயிண்டுக்கு மேலே, தலைமுடி அளவுக்கு ஒரு துருக்கோடு ஓடியிருந்தது. துணியால் துடைத்தபோது அது விரிசல் என்று தெரிந்தது. உரிமையாளர் அதை வெறும் சேறு என்றே எண்ணியிருந்தார். போல்ட்டுகளின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண் இல்லாத போல்ட் இந்த வேலைக்கு ஆகாது.

டிரெய்லரை மாட்டியபின் அதன் தளம் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு மேலே தூக்கி நின்றால் முன்பாரம் குறையும். உங்கள் வண்டி உயரமானது என்பதால் கீழிறங்கிய சட்டம் தேவைப்படலாம். அளந்த பிறகே வாங்குங்கள். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டு மாட்டினால், கப்ளர் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். விளக்கு இணைப்பில், எர்த் கம்பி பந்தின் வழியாகப் போகும்படி விடாமல் தனியாக வர வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கினால், பெரும்பாலும் கோளாறு எர்த்தில்தான் இருக்கும்.

இனி அரசுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2(28) பிரிவில், 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. ஆகவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும். 61ஆம் பிரிவின்படி, இழுக்கும் வண்டியின் பதிவு எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பட்டறைச் சரக்கு ஏற்றப் போவதால், எந்த வகையில் பதிவு செய்வார்கள் என்பதை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், டிரெய்லர் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் பொருளின் பெயரோடு தாங்கும் எடையையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்து, பிழைப்புக்கான சுயதொழிலுக்காகவே வாங்கியதாகவும் இருந்தால், பொருள் குறைபாடுடையது என்று தெரியவரும்போது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

கேள்வி: பாத்திர வாடகைக் கடைக்காக ஒரு டிரெய்லர் வாங்கினோம். கப்ளரில் 2 அங்குலம் என்றும், பந்தில் 50 என்றும் பொறித்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வருகிறது.

பதில்: இரண்டும் ஒன்றல்ல. 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். 2 அங்குலக் கப்ளர் 50 மி.மீ. பந்தின் மேல் உட்கார்ந்துவிடும், பூட்டும் விழும். ஆனால் நீங்கள் கேட்கும் சத்தம் அந்த இடைவெளியினால் வருவது. வேகத்தடையில் தூக்கிப் போடும்போது கழன்றுவிடும் அபாயம் உண்டு. மாற்றும் வரை டிரெய்லரை வெளியே எடுக்காதீர்கள். இரண்டிலும் ஒரே எண் பொறித்த ஜோடியாக வாங்கி மாட்டிய பிறகு, பூட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, டிரெய்லரின் மூக்கை ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இதைச் செய்யச் சொல்லி ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அளவு தவறாகச் சொல்லி விற்றதால், மாற்றித் தரும்படி கடையில் எழுத்து மூலம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: நான் தேவகோட்டைப் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். டிராக்டரில் இரும்பு முளை (பின்) போட்டு மாட்டும் டிரெய்லரின் மூக்கு உயரமாக இருப்பதால், கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பின் மேல் கம்பியில் மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது, ஆச்சி. இழுவை, பின்சக்கர அச்சின் உயரத்துக்கு மேலிருந்து விழுந்தால், வரப்பு ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். இழுவை எப்போதும் அச்சுக்குக் கீழே உள்ள டிரெய்லர் கொக்கியில்தான் விழ வேண்டும். டிரெய்லர் விற்றவரிடமே கொண்டுபோய், மூக்கை அந்தக் கொக்கியின் உயரத்துக்கு இறக்கித் தரச் சொல்லுங்கள். மாட்டும் முளை மேலே எழும்பி வராதபடி, அதன் அடித்துளையில் பூட்டு ஊசி இருக்கிறதா என்று வயலுக்குக் கிளம்புமுன் கையால் தொட்டுப் பாருங்கள்.