மீட்டர் யார் பெயரில் இருக்கு? மின்சாரக் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வயர்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்ததும் லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வீட்டு மின்சாரம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பழைய லயத்தில் இருக்கும் ஓர் அம்மா): அண்ணே, எங்க லயத்துல ஆறு வீடு, ஒரே மீட்டர். நிலத்துக்காரர் மாசம் 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல கேட்கிறார். ஃபேன், ஐஸ்பெட்டி, டிவி, விளக்கு தவிர எங்க வீட்ல ஒண்ணும் இல்ல. ஏமாத்துறாரோன்னு சந்தேகமா இருக்கு.

பதில்: அவர் ஏமாற்றாமலேயே அந்தத் தொகை வரலாம் அம்மா. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் கட்டண முறை மாறிவிட்டது. சாதாரண வீட்டுக்கு எரிசக்திக்கு 27.03 சென், மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்கும் கொள்ளளவுக்கு 4.55, மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிவழிக்கு 12.85 என மூன்றும் சேர்ந்து ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். ஆனால் குறைவாக எரிப்பவருக்குச் சலுகை உண்டு. மாதம் 200 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 25 சென் கழித்துக்கொள்வார்கள், அதாவது 19.43 சென்தான். யூனிட் ஏற ஏற இந்தச் சலுகை தேய்ந்து, 1,000ஐத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது.

உங்கள் வீட்டில் 180 யூனிட் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தனி மீட்டர் இருந்தால் பில் 34 வெள்ளி 97 சென். ஆறு வீடும் ஒரே மீட்டரில் என்றால் மொத்தம் 1,080 யூனிட். மீட்டர் ஆறு குடும்பத்தைப் பார்ப்பதில்லை, தாறுமாறாக எரிக்கும் ஒரே வீட்டைத்தான் பார்க்கிறது. சலுகை போச்சு. 600 யூனிட்டுக்குள் இருந்தால் தள்ளுபடியாகும் மாதச் சேவைக் கட்டணம் 10 வெள்ளியும் சேர்ந்து, 489 வெள்ளி 84 சென். ஆறாகப் பிரித்தால் வீட்டுக்கு 81 வெள்ளி 64 சென், வரி தனி. அதே விளக்கு, அதே ஃபேன், இரண்டு மடங்குக்கு மேல் காசு. மாளிகையில் ஏர்கோன் போட்டுத் தூங்குபவர் கட்டும் விலையை லயத்துக்காரர் கட்டுகிறார்.

இன்னொன்றும் கைநழுவுகிறது. இகாசே என்னும் அரசாங்க ஏழைக் குடும்பப் பட்டியலில் பரம ஏழை என்று பதிவான குடும்பத் தலைவருக்கு மாதம் 40 வெள்ளி வரை பில் கழிவு உண்டு. 200 யூனிட் எரித்தாலும் பில் 38 வெள்ளி 86 சென்தான், முழுவதும் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கழிவு ஒரு மின் கணக்கில்தான் வந்து விழும். கணக்கே இல்லாத வீட்டுக்கு எங்கே போய் விழும்?

ஆகவே சண்டை போட வேண்டியது 80 வெள்ளிக்காக அல்ல, தனி மீட்டருக்காக. முதலில் நிலத்துக்காரரிடம் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். பில் குறைந்தால் அவருக்கும் வசூல் தொல்லை விடும், அதைச் சொல்லிப் பேசுங்கள். பிறகு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளர் ஒவ்வொரு வீட்டு வயரிங்கையும் சோதித்து, வேலை முடிந்ததற்கான ஜி பாரம், சோதனைக்கான எச் பாரம் இரண்டிலும் கையெழுத்திட்டு மின் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். டெப்பாசிட்டும் கட்ட வேண்டியிருக்கும். ஆறு வீடும் சேர்ந்து ஒரே குத்தகையாளரைப் பிடித்தால் கூலியைக் குறைத்துப் பேசலாம். பெரிய தடை வயரிங் செலவுதான். கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ உதவ நினைத்தால், தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுப்பதோடு இதற்கும் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி): தோட்டமே கரண்ட் கொடுக்கணும்னு சட்டம் இருக்கா அண்ணே?

பதில்: இருக்கு தம்பி. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரம் பற்றியது. தோட்ட வீட்டில் குழாய்த் தண்ணீரும் போதுமான மின்சாரமும் இருக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. புகாரைத் தொழிலாளர் இலாகாவில் கொடுக்கலாம். ஆனால் இது வேலையில் இருப்பவருக்கு. ஓய்வு பெற்றும் லயத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கும், தோட்டம் விற்கப்பட்டு வேலை போனவர்களுக்கும் இந்தக் குடை கிடையாது. நம் வட்டாரத்தில் அதிகம் தவிப்பவர்கள் அவர்கள்தான்.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவி): அங்கிள், பேராக்கில் அந்தக் காலத்திலேயே மின் நிலையம் இருந்ததாமே? அப்புறம் ஏன் தாத்தா மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்?

பதில்: நல்ல கேள்வி மா. மலாயாவில் மின்சாரம் முதலில் எரிந்தது 1894இல், ராவாங்கில். சீன முதலாளி லோக் இயூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ஜெனரேட்டர் வைத்தார்கள். நமக்குப் பக்கத்தில் பேராக் ஆற்றில் செண்டரோ அணை மின் நிலையம் 1930இல் ஓடத் தொடங்கியது. அதுவும் முக்கியமாகச் சுரங்கங்களுக்குத்தான். காசு கட்டுகிற இயந்திரம் இருந்த இடத்துக்குக் கம்பி போனது. பால் வடியும் ரப்பர் மரத்துக்குக் கரண்ட் வேண்டாம், அதனால் பால் வெட்டுகிறவன் வீட்டுக்கும் வரவில்லை.

என் சின்ன வயதில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலை ஆறு மணிக்குப் போட்டால் பத்துக்கு நிற்கும். நிற்பதற்கு முன் விளக்கு ஒருமுறை மங்கும். அம்மா அதைப் பார்த்ததும் மறுநாள் சட்டையை எடுத்து வைக்கச் சொல்வார், ஏனென்றால் அதிகாலை மூணு மணிக்கு எழுந்தால் இருட்டு. உன் தாத்தாவும் அப்படித்தான் படித்திருப்பார். அவரிடம் உட்கார்ந்து கேள், எழுதி வை.

கேள்வி: ராத்திரி ஃபேன் போட்டா பில் ஏறும்னு மாமியார் திட்டுறாங்க.

பதில்: 70 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்கூட இல்லை. மாதத்துக்கு 21 யூனிட், நான்கு வெள்ளி சொச்சம். நன்றாகத் தூங்குங்கள். கதவு ரப்பர் பிய்ந்த பழைய ஐஸ்பெட்டியைப் பாருங்கள், தின்பது அதுதான்.

கேள்வி (லாசா பக்கம் காய்கறி போடுபவர்): என் கொட்டாய்க்கும் கடைசிப் போஸ்ட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர். சோலார் வைக்கலாமா? என்ன அளவு?

பதில்: அந்தத் தூரத்துக்குச் சொந்தச் செலவில் கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது, சோலார்தான் சரி. தேவையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 7 வாட் எல்இடி மூன்று, ஐந்து மணி நேரம்: 105 வாட்-மணி. 15 வாட் டிசி ஃபேன் எட்டு மணி நேரம்: 120. கைப்பேசிக்கு 15. மொத்தம் 240. நம் ஊர் வெயிலில் 100 வாட் பலகை ஒரு நாளைக்கு 400 வாட்-மணி அளவு தரும், மூன்றில் ஒரு பங்கு வழியில் வீணாகும். மிச்சம் போதும்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் இரண்டு நாள் வெயிலே வராது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி வாங்குங்கள். கார் பேட்டரி மாதிரி ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் அதில் 80 வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

பலகை வைப்பது சுலபம், நான்காவது வருஷம் பேட்டரி போனால் யார் மாற்றுவது என்பதில்தான் இலவசத் திட்டங்கள் பல படுத்துக்கொள்கின்றன. சரவாக்கில் 2016 முதல் பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீண்ட வீடுகளுக்குச் சோலார் கொடுக்கும் திட்டத்தில், அமைத்த பிறகு அந்தச் சமூகத்தின் கையிலேயே ஒப்படைத்துவிடுகிறார்கள். மாத பில் கிடையாது, பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. நீங்களும் மாதம் பத்து வெள்ளி ஒரு டின்னில் போட்டு வாருங்கள். அது பேட்டரிக் காசு, தொடக்கூடாது.

கேள்வி: மழை பெய்தா பிரேக்கர் விழுந்துக்கிட்டே இருக்கு. தெரிஞ்ச பையன் அதைக் கழட்டிட்டு நேரா கொடுக்கிறேன்கிறான். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தக் கசிவுத் துண்டிப்பான் விழுவது, எங்கோ கரண்ட் கசிகிறது என்று சொல்வதற்கு. கையில் பிடித்து வேலை செய்யும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், குளியலறை ஹீட்டர் மாதிரி ஈரத்தரை இடத்துக்கு 10, இவ்வளவு கசிந்தாலே அது விழ வேண்டும் என்று 1994 மின்சார விதிகள் சொல்கின்றன. ஒரு லயத்தில் யாரோ இப்படி நேராகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஈரக் கையோடு துணி மெஷினைத் தொட்ட பெண் ஒட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து மெயினை அடைத்ததால் பிழைத்தார். அன்றைக்கு அந்த வயரைப் பிரித்தபோது எனக்குக் கை நடுங்கியது. கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே இருக்கும் பிளக் பாயிண்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: கேஸ் தோங்கை (சிலிண்டர்) விட்டுட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா?

பதில்: மானிய விலை கிலோவுக்கு 1 வெள்ளி 90 சென், 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 சென். அதே சமையலுக்கு இண்டக்‌ஷனில் நூறு யூனிட் சுமார் ஆகும். 200க்குள் இருந்தால் இருபது வெள்ளி. மிச்சம் சிறிது, ஆனால் பழைய வயரிங் 2,000 வாட்டைத் தாங்குமா என்று பார்த்த பிறகுதான். இன்னும் விறகில் சமைப்பவர் இருந்தால் அவர்களை முதலில் கேஸுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் புகை பாட்டிமார் நெஞ்சைத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தமிழ்நாட்டுல இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். இங்கே ஏன் இல்ல?

பதில்: உண்மைதான், 2016 முதல் அங்கே உண்டு. மாதத்துக்கு 50 யூனிட், பட்டியல் கிடையாது, பாரம் கிடையாது. அதுதான் அதன் அழகு. இங்கே பரம ஏழைக்கு 200 யூனிட் வரை கிடைக்கிறது, ஆனால் பெயர் பட்டியலில் ஏற வேண்டும். ஏறத் தெரியாதவர்தான் ரொம்ப ஏழை. தொகை இங்கே பெரிது, வழி அங்கே நல்லது என்பேன்.

கேள்வி: அப்பா இறந்து மூணு வருஷம். கணக்கு இன்னும் அவர் பெயர்லதான். பில் கட்டிக்கிட்டு இருக்கோம், பரவாயில்லையா?

பதில்: கரண்ட் வரும். ஆனால் உங்கள் அம்மா கழிவுக்கு விண்ணப்பிக்கும்போது இடிக்கும். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஐசி (அடையாள அட்டை), கடைசி பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு மின் நிறுவன அலுவலகத்துக்குப் போய் அம்மா பெயருக்கு மாற்றுங்கள். பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்துக்கு அழைத்து வாருங்கள், நான் நிரப்பித் தருகிறேன்.