எம்டன் நீர்மூழ்கி இல்லை ஐயா! முதல் உலகப் போர் கேள்வி-பதில்

வழக்கமான வேண்டுகோள்தான்: ஆயுதத்தைப் பற்றிக் கேட்டால் எந்த வருஷம் என்று சேர்த்து எழுதுங்கள். 1914-இல் பிரெஞ்சுச் சிப்பாய் சிவப்புக் கால்சட்டையும் துணித் தொப்பியுமாகப் போருக்குப் போனான். 1918-இல் அவன் தலையில் இரும்புத் தொப்பி, கையில் வாயு முகமூடி, பக்கத்தில் டாங்கி. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளறாதீர்கள்.

சென்னையைத் தாக்கிய எம்டன் நீர்மூழ்கி எவ்வளவு ஆழத்தில் வந்தது? (மதுரை வாசகர்)

ஆழத்திலேயே வரவில்லை. எம்டன் மூன்று புகைபோக்கி வைத்த ஜெர்மன் இலகு ரகப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு கடலின் மேலேயே வந்து, விளக்கைப் போட்டுக் குறிபார்த்து, நூற்றி முப்பது குண்டு போல வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதன் கதையை முடித்தது. "அவன் ஆள் எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்தக் கப்பல்தான்.

ஒரே ஒரு தோட்டாவால் உலகப் போர் மூண்டது உண்மைதானே? (சேலம்)

முதலில், தோட்டா இரண்டு. ஒன்று ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பெர்டினாண்டுக்கு, ஒன்று அவர் மனைவி சோஃபிக்கு. சரயேவோவில் அது நடந்தது 1914 ஜூன் 28, ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் ஒரு மாதம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. "நாங்கள் இருக்கிறோம்" என்று ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி வாக்குக் கொடுத்தது அந்த மாதத்தில்தான். 48 மணி நேரக் கெடுவோடு செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை போனதும் அப்போதுதான். ரஷ்யா படை திரட்டி முடிப்பதற்குள் பெல்ஜியம் வழியாகப் போய் அதன் கூட்டாளி பிரான்சை அடித்துவிட வேண்டும் என்பது ஜெர்மனி போட்டுவைத்திருந்த கணக்கு. அதனால் செர்பியாவுக்கு ஆதரவாக ஜூலை 30-ஆம் தேதி ரஷ்யா முழு அணிதிரட்டலுக்கு உத்தரவிட்டதும் பெர்லினில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் கால் வைத்ததும் பிரிட்டனும் உள்ளே வந்தது.

முதல் டாங்கி எப்போது? (ஈரோடு)

1916 செப்டம்பர் 15, பிரான்சில் சோம் போர்முனை. மனிதன் நடக்கிற வேகம். வழியிலேயே நின்றுபோனவை நிறைய.

இயந்திரத் துப்பாக்கிதான் அந்தப் போரில் அதிகம் பேரைக் கொன்றது என்று படித்தேன். அதன் வேகம் என்ன? (திருநெல்வேலி)

வேகம் நிமிஷத்துக்கு ஐந்நூறு தோட்டா. ஆனால் எங்கே படித்தீர்கள்? வருஷத்துக்கு நாலு பேராவது இதையே எழுதுகிறார்கள், நானும் இதையே பதிலாக எழுதுகிறேன்: மேற்கு முனையில் (பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம்) செத்தவர்கள், காயம்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் போல பீரங்கிக் குண்டில் அடிபட்டவர்கள்.

1897-இல் பிரான்ஸ் கொண்டுவந்த 75 மி.மீ. பீரங்கியைப் பாருங்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு முறை சுடும்போதும் வண்டியே பின்னால் துள்ளும், திரும்பத் தள்ளி நிறுத்தித் திரும்பக் குறி வைக்க வேண்டும். இதில் குழாய் மட்டும் பின்வாங்கும், எண்ணெயும் காற்றும் அடைத்த உருளை அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும், வண்டி அசையாது. நிமிஷத்துக்குப் பதினைந்து குண்டு. மனிதன் மண்ணுக்குள் அகழி தோண்டிப் புகுந்துகொண்டதற்கு இதுவும் பெரிய காரணம்.

உடனே சோம் போரின் முதல் நாள், 1916 ஜூலை 1-ஐக் காட்டுவீர்கள். ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,000 பேர் விழுந்தார்கள், அதில் 19,000 பேர் சாவு. சரி, அன்றைக்கு இயந்திரத் துப்பாக்கி அறுத்துத் தள்ளியது, மறுக்கவில்லை. ஆனால் அதை இயக்கியவர்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள்? ஒரு வாரமாகப் பதினைந்து லட்சம் குண்டு கொட்டியும், பல வெடிக்கவில்லை, ஆழமான பதுங்கு குழியைத் தொடவில்லை, முள்கம்பியையும் சரியாக அறுக்கவில்லை. கம்பியில் பட்டதுமே குண்டை வெடிக்க வைக்கிற ஃபியூஸ் பரவலானது 1917-இல்தான் (வருஷம், வருஷம்!). ஆக அந்த நாளும் பீரங்கி தோற்ற கதைதான். 1917-இல் பிரான்சின் காம்ப்ரே சண்டையில் டாங்கிகளுக்குப் போன புகழிலும் பாதி, முன்கூட்டிச் சுட்டுப் பார்க்காமல் வரைபடக் கணக்கிலேயே குறி வைத்த ஆயிரம் பீரங்கிகளுக்குச் சேர வேண்டியது.

நச்சுவாயுவைக் கண்டுபிடித்ததற்கா ஜெர்மன் வேதியியலாளர் ஹேபருக்கு நோபல்? (புதுச்சேரி)

இல்லை, காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்ததற்கு. குளோரினை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தின் ஈப்ரேயில் அந்த நச்சுவாயுவைத் திறந்துவிட்ட வேலையை முன்னின்று நடத்தினார். ஆனால் அம்மோனியாவும் சாது இல்லை. சிலி நாட்டு வெடியுப்பை பிரிட்டிஷ் கடற்படை மறித்த பிறகு, ஜெர்மன் பீரங்கிகளுக்கு வெடிமருந்து தந்தது அதுதான். பார்த்தீர்களா, எங்கே போனாலும் பீரங்கியிடமே வருகிறது.

உலகப் போரில் ரேடார் எப்படி வேலை செய்தது? (பெயர், ஊர் இல்லை)

எந்த உலகப் போர்? முதல் போரில் ரேடார் கிடையாது. எதிரி பீரங்கி எங்கே இருக்கிறது என்று மைக்ரோஃபோன்களை வரிசையாக வைத்து, சத்தம் வந்து சேர்கிற நேர வித்தியாசத்தில் கண்டுபிடித்தார்கள். அடுத்த தடவை வருஷத்தோடு ஊரையும் எழுதுங்கள்.