சுருக்கம் போகப் பூசிய க்ரீம், நிறுத்தினால் எரிகிறது

புற்றுநோயெல்லாம் வராது, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் போட்டால் தோல் மெலிந்து கேன்சர் வரும் என்று யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டுத் தூக்கம் கெட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். 39 வயதில் ரெட்டினால், தோலை உரிக்கும் கிளைக்காலிக் ஆசிட், வைட்டமின் சி மூன்றையும் ஒரே ராத்திரியில் பூச ஆரம்பித்ததும் அதே யூடியூபைப் பார்த்துத்தானே? முகம் உரிவதும் மூக்கோரம் எரிவதும் அதனால்தான். ரெட்டினால் உள்தோலில் கொலாஜனைக் கூட்டும், குறைக்காது. பழுப்பாகிவிட்ட வைட்டமின் சி சீரத்தைக் குப்பையில் போடுங்கள். நீங்கள் கேட்ட முடி கொட்டுவதற்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

எனக்கு உறுத்துவது கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிதான். மருந்துக்கடைக்காரர் சுருக்கத்துக்கு என்று கொடுத்த நைட் க்ரீமை எட்டு மாதமாகப் பூசுகிறீர்கள், இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து எரிந்து பருவாகக் கொப்பளிக்கிறது, திரும்பப் பூசினால் அடங்கிவிடுகிறது, கன்னத்தில் பூனைமுடி வேறு. இப்போதே அந்த டியூபை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீமை மங்குக்குத் தோல் மருத்துவர்களான நாங்களே எழுதுவோம், ஆனால் சில வாரங்களுக்கு மட்டும், அதுவும் எங்கள் கண்காணிப்பில். சீட்டில்லாமல் விற்கவே கூடாது. ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை அமுக்குவதால் முதல் மாதம் முகம் பளபளக்கும், "அடடா, என்ன க்ரீம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அப்புறம்தான் தோல் மெலியும், மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய்கள் தெரியும், முடி முளைக்கும், க்ரீம் இல்லாமல் முகம் இருக்க முடியாத நிலை வரும். நீங்கள் பயந்த மெலிவு இதில்தான் இருக்கிறது, ரெட்டினாலில் இல்லை.

இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள், வீட்டில் இருக்கும் எல்லா டியூபையும் பையில் போட்டுக் கொண்டு போங்கள். ஒரேயடியாக நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும். எரிகிறதே என்று நீங்களாக நிறுத்துவதும் பூசுவதுமாக விளையாடாதீர்கள். சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் பெரும்பாலும் தேறிவிடும். கண் இமை வரை பூசியிருந்தால் கண் மருத்துவரிடம் கண் அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆசிட், ரெட்டினால், சீரம் எதுவும் வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். தயவுசெய்து எலுமிச்சை, தயிர், மஞ்சள் என்று சமையலறையிலும் இறங்கிவிடாதீர்கள்.

ரெட்டினாலைப் பிறகு பார்க்கலாம், பட்டாணி அளவு, வாரம் இரண்டு ராத்திரி. இன்னொரு குழந்தைக்கு முயற்சி செய்வதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

உங்கள் 14 வயது மகளுக்குச் சுருக்கத்துக்கான சீரத்தைக் கொடுக்கலாமா என்கிறீர்கள். சுருக்கமே இல்லாத முகத்துக்கு எதற்கு? ஒரு சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுங்கள், போதும்.